நூறு மில்லிமீட்டர் வட்டம்

ஜோதிலட்சுமி பதினோரு வருடம் பார்த்த வேலை, மற்றவர்கள் செய்த பொருளை அளந்து சரி என்றோ சரியில்லை என்றோ சொல்வது. மறைமலை நகரில் லாரிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவள் குவாலிட்டி பிரிவில் இருந்தாள். காலையில் தட்டுத் தட்டாக புஷ் என்ற இரும்பு வளையங்கள் மேசைக்கு வரும். ஒவ்வொன்றையும் எடுத்து வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்ப்பாள். அளவு சரியென்றால் பச்சை டப்பா, இல்லையென்றால் சிவப்பு டப்பா. சிவப்பில் போட்டதற்குக் காரணம் கேட்டு ஒரு சீட்டு இருக்கும்; என்ன குறை, எத்தனை குறைகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அவள் கடமை முடிந்தது. அதை எப்படிச் சரிசெய்வது என்பது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களின் தலைவலி.

அந்தப் பக்கம்தான் சி.என்.சி. மெஷின்கள் இருந்தன. கம்ப்யூட்டரில் பாதையை எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், கத்தி தானாக அந்த வழியே போய்க் கடைந்துவிட்டுத் திரும்பி வந்து நிற்கும். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வரும்போது ஐந்து நிமிஷம் நின்று அதைப் பார்க்காமல் அவள் இருக்கைக்குத் திரும்பியதில்லை. செங்கல்பட்டில் டிப்ளமா படித்தபோது மெக்கானிக்கல் வகுப்பில் இருந்த இரண்டு பெண்களில் அவள் ஒருத்தி. மெஷினுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்தாள். இரண்டு தடவையும் சூப்பர்வைசர் சிரித்தபடியே, நீ அங்கே போய்விட்டால் இங்கே யார் அளப்பது என்று கேட்டு அனுப்பிவிட்டார். அவளும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள்.

கம்பெனி வேறு மாநிலத்துக்குப் பெயர்ந்து போனபோது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. ஒரே மகள் சென்னையில் விடுதியில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். கணவன் ரஞ்சித்குமார் ஒரு பெரிய அலுவலகத்துக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டினான். விடியற்காலையில் திருக்கழுக்குன்றத்திலிருந்து கிளம்பி ஜி.எஸ்.டி. ரோடு நெடுக ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டுப் பத்து மணிக்கு வீடு வருவான். மூன்று மணிக்கு மறுபடி போவான். மனைவி வேலை போய் வீட்டில் இருப்பது அவனுக்கு முதலில் நன்றாகத்தான் இருந்தது. பத்து மணிக்குச் சூடாக நாஸ்தா கிடைத்தது. ஒரு மாதம்தான் அந்தச் சுகம்.

கூடுவாஞ்சேரியில் உறவுக்காரர் ஒருவர் வாங்கிய புது ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். அங்கே பூஜை அறைக் கதவில் பூவும் கொடியுமாகப் பின்னல் வெட்டிய ஒரு பலகை இருந்தது. ஜாலி என்று சொல்வார்கள். எல்லாரும் பால் காய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜோதிலட்சுமி அந்தக் கதவைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பூக்களுக்கு நடுவே உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது. கை வேலையில் அப்படி வராது. தச்சரைக் கேட்டாள். பின் தெருவில் ஒரு கடையில் மெஷின் இருக்கிறது என்றார். பந்தி போட்டுவிட்டார்கள் என்று தேடிக்கொண்டு ரஞ்சித்குமார் வந்தபோது, அவள் அந்தக் கடை வாசலில் பட்டுப்புடவை மேல் மரத்தூள் படிய நின்றிருந்தாள்.

வாங்குகிற விலையில் அந்த மெஷின் இல்லை. ஆனால் அதையே வீட்டில் கட்டிக்கொள்கிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள் என்று அவள் ஃபோனில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அலுமினியச் சட்டம், மூன்று மோட்டார், மோட்டார்களை ஆட்டிவைக்கும் ஒரு போர்டு, கத்தியைச் சுழற்றும் ஸ்பிண்டில். செங்கல்பட்டில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய்ப் பாதியை வாங்கி வந்தாள். மீதி தபாலில் வந்தது. வீட்டுப் பக்கவாட்டில் ரஞ்சித்குமார் பைக் நிறுத்தும் தகரக் கொட்டகை இருந்தது. பைக் வெயிலுக்குப் போனது. கொட்டகைக்குள் நான்கடிக்கு நான்கடி மெஷின் ஒன்று மெல்ல எழுந்தது. இரண்டு மாதம் ஆயிற்று.

அவன் வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லாததோடு நிற்காமல், பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் என் வீட்டில் மெஷின் கட்டுகிறாள் என்று சொல்லவும் ஆரம்பித்தான். அப்படிச் சொன்னதில் ஒரு நாள் கோதை மேடம் மாட்டினார். அந்த அலுவலகத்தில் முப்பது வருடம் கணக்குப் பிரிவில் இருந்து அந்த மாதம் ஓய்வு பெறப் போகிறவர். மாமல்லபுரம் தாண்டித் தேவனேரியில் விருந்தினர் தங்குவதற்கு இரண்டு அறை கட்டிக்கொண்டிருந்தார். வராந்தாவுக்கு ஆறு ஜாலித் தடுப்பு வேண்டும், வட்டம் வட்டமாகக் கோத்த டிசைன் என்று அவர் சொல்ல, இவன் தலையாட்டிவிட்டு வந்துவிட்டான்.

"மெஷினே இன்னும் ஓடல. அதுக்குள்ள இன்னாத்துக்கு ஒத்துக்கினீங்க?" என்று கேட்டாள் ஜோதிலட்சுமி.

"ஓடும் ஓடும்னு நீதான சொல்லிகினு கீற. அதான் நானும் சொன்னேன்."

அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

மின்சாரம் கொடுத்த முதல் நாள் மெஷின் முனகியது, நகரவில்லை. மூன்று நாள் கழித்து நகர்ந்தது, எதிர்த்திசையில். தன் பெயரின் முதல் எழுத்தைப் பலகையில் செதுக்கச் சொன்னாள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டு வந்தது. ஒரு மோட்டாரின் ஒயரை மாற்றிச் செருகியதும் அது நிமிர்ந்தது. இதெல்லாம் அவளுக்குப் பயம் தரவில்லை. குறை தெரிந்தது, காரணம் தெரிந்தது, மாற்றினால் போயிற்று. இந்த மாதிரிக் குறைகளோடு பழகியவள் அவள்.

அதற்குப் பிறகுதான் வட்டம் வந்தது.

கோதை மேடத்தின் டிசைன் முழுக்க வட்டம் என்பதால், நூறு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே ஒரு வட்டத்தை வெட்டிப் பார்க்கலாம் என்று ஒரு சாயங்காலம் மெஷினை ஓடவிட்டாள். வெட்டி விழுந்த வில்லையை எடுத்து வெர்னியரில் வைத்தாள். இடம் வலமாக நூறு சரியாக இருந்தது. மேல் கீழாகத் தொண்ணூற்றெட்டரை. கண்ணுக்கு வட்டம்தான், அளந்தால் முட்டை. மேல் கீழாக நகரும் அச்சு ஒன்றரை மில்லிமீட்டர் குறைவாக நகர்கிறது என்று பொருள். அதற்கு வழி உண்டு. மோட்டார் ஒரு மில்லிமீட்டர் நகர எத்தனை எட்டு எடுத்து வைக்க வேண்டும் என்று போர்டில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணைக் கூட்டினாள். மறுபடி வெட்டினாள். நூற்றுக்கு நூறு. ரஞ்சித்குமாரிடம் காட்டினாள். அவன் அதைத் தோசைபோல் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நல்லா இருக்கிறது என்றான்.

மறுநாள் காலை அதே வட்டத்தை வெட்டினாள். நூற்று ஒன்றரை.

எதையும் தொடவில்லை. கொட்டகைக்கு யாரும் வரவில்லை. நேற்று இரவு பூட்டியது, இன்று காலை திறந்தது. நேற்றைக்குக் குறைந்தது இன்றைக்குக் கூடியிருக்கிறது. அப்படியானால் நேற்றுச் செய்த திருத்தம்தான் இன்றைக்குக் குறையா? எண்ணைப் பழையபடி குறைத்தாள். சரியாக வந்தது. சாயங்காலம் மறுபடி தொண்ணூற்றெட்டரைக்குப் போனது. அவள் முக்காலியில் உட்கார்ந்து இரண்டு வில்லைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்தாள். பதினோரு வருடமும் இந்த மாதிரி ஒன்று கையில் வந்தால் சீட்டு எழுதிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அனுப்பியிருப்பாள். இப்போது அந்தப் பக்கமும் அவளே.

ஃபோனில் ஒரு குழுவில் எழுதிக் கேட்டாள். உலகத்தில் இந்த மாதிரி மெஷின் கட்டிய எல்லாருக்கும் ஒரு காரணம் தெரிந்திருந்தது. மோட்டாருக்குக் கரண்ட் போதவில்லை என்றார் ஒருவர். அதிகம் என்றார் இன்னொருவர். தண்டவாளம் நேராக இல்லை, ஸ்க்ரூ வளைந்திருக்கிறது, வேகம் அதிகம், வேகம் போதாது, சாஃப்ட்வேர் பழசு. அவள் ஒவ்வொன்றாகச் செய்தாள். முதலில் ஒவ்வொன்றாகத்தான் செய்தாள். இரண்டாவது வாரம் இரண்டு இரண்டாகச் செய்தாள். மூன்றாவது வாரம் எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்பதே மறந்துபோனது. ஒரு நாள் வட்டம் சரியாக வந்தது. ஏன் என்று தெரியவில்லை. அடுத்த நாள் கெட்டது. அதற்கும் ஏன் என்று தெரியவில்லை. சரியாக வந்த நாள்தான் அவளுக்கு அதிகம் எரிச்சலாக இருந்தது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வெட்டிக்கொண்டிருக்கும் மெஷின் சில சமயம் பாதியில் சட்டென்று நின்றுவிடும். திரையில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வரும். கத்தி எல்லை தாண்டாமலிருக்க ஓரத்தில் வைத்திருக்கும் ஸ்விட்சில் இடித்துவிட்டேன் என்று அது சொல்லும். பார்த்தால் ஓரத்துக்கும் அதற்கும் ஒரு முழம் தூரம் இருக்கும்.

ஒரு கட்டத்தில் அவளுக்குத் தன் வெர்னியர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மெஷின் சரியாகவே வெட்டி, இது தப்பாகச் சொல்கிறதோ? பழைய கம்பெனியில் பக்கத்து மேசையில் இருந்த தோழி வேண்டா இப்போது மறைமலை நகரிலேயே வேறொரு கம்பெனியில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் அறையில் இருந்தாள். ஜோதிலட்சுமி வெர்னியரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அவளிடம் போனாள். வேண்டா அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய், சரியான அளவுள்ள இரும்புக் கட்டைகளில் வைத்துப் பார்த்துவிட்டு, பத்து நிமிஷத்தில் கேட்டுக்கு வந்தாள்.

"கரெக்டா கீது ஜோதி. ஒரு குறையும் இல்ல."

ஜோதிலட்சுமியின் முகம் ஏன் வாடுகிறது என்று வேண்டாவுக்குப் புரியவில்லை.

"இன்னாடி, தப்பா இருக்கணும்னு வேண்டிகினு வந்தியா?"

"ஆமா," என்றாள் ஜோதிலட்சுமி.

வேண்டா சிரித்துவிட்டு உள்ளே போனாள். ஜோதிலட்சுமி டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பினாள். வழியெல்லாம் ஒரே யோசனை. வெர்னியர் சரி. வெர்னியர் சரியென்றால் காலை அளவும் நிஜம், சாயங்கால அளவும் நிஜம். இரண்டும் எப்படி நிஜமாக இருக்க முடியும்?

பாதியில் நிற்கும் கோளாறைப் பார்க்க எலெக்ட்ரீஷியன் ஞானதாஸைக் கூப்பிட்டான் ரஞ்சித்குமார். ஞானதாஸ் மெஷினைத் தொடவே இல்லை. அதைச் சுற்றி ஒரு தடவை மரியாதையாக நடந்து வந்துவிட்டு நேரே சுவரில் இருந்த பிளக்கிடம் போனான். டெஸ்டரை வைத்தான். மூடியைக் கழற்றினான். பிறகு ஜோதிலட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"இந்த மூணாவது ஓட்டை சும்மா அழகுக்கு கீது. உள்ள எர்த் ஒயரே இல்ல."

"பதினாலு வருசமா இந்த வூட்லதான் கீறோம்," என்றாள் அவள்.

"பதினாலு வருசமா அப்டியேதான் கீது அக்கா."

பக்கத்து வீட்டு போர்வெல் மோட்டார் ஓடும்போது, கரண்டில் வரும் அதிர்வு போக வழியில்லாமல் மெஷினின் சின்ன ஒயர்களில் ஏறி, ஸ்விட்ச் இடித்ததுபோல் ஏமாற்றுகிறது என்று அவன் விளக்கினான். கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டி, உப்பும் அடுப்புக்கரியும் போட்டுக் குழாயை இறக்கி, தண்ணீர் ஊற்றி, அதிலிருந்து கம்பி இழுத்துக் கொடுத்தான். அன்றிலிருந்து மெஷின் பாதியில் நிற்பது நின்றது. வட்டம் மட்டும் முட்டையாகவே இருந்தது. ஒரு குறை போனதில் இன்னொன்றும் போய்விடும் என்று உள்ளூர நம்பியிருந்ததை அவள் அப்போதுதான் கண்டுகொண்டாள்.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை கோதை மேடமே நேரில் வந்துவிட்டார். வேதகிரீஸ்வரரைப் பார்த்துவிட்டு மலையிலிருந்து இறங்கியவர், விபூதிப் பொட்டலத்தோடு கொட்டகைக்குள் நுழைந்தார். மேசை மேல் நாற்பது ஐம்பது வில்லைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி, வேளை, அளவு. ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"இது நன்னாத்தானே இருக்கு. இன்னும் ஏன் ஆரம்பிக்கலை?"

அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைகிறது என்றாள் ஜோதிலட்சுமி.

"நேக்கு ரவுண்டாத்தான் தெரியறது. வந்து தங்கறவா யாரும் ஸ்கேல் எடுத்துண்டு வரப்போறதில்லை, ஜோதி."

அப்படியே தலையாட்டிவிட அவளுக்கு ஆசைதான். ஒரு மாதமாக இதைத்தான் யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்ததுபோல்கூட இருந்தது. ஆனால் வாய் வரவில்லை. ஒரு தடுப்பில் மேலிருந்து கீழ் வரிசையாகப் பத்து வட்டம். ஒவ்வொன்றும் ஒன்றரை குறைந்தால் கடைசி வட்டம் எங்கே போய் நிற்கும்? காலையில் வெட்டின தடுப்பும் சாயங்காலம் வெட்டின தடுப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வரிசை எப்படிச் சேரும்? இதை அவள் சொன்னபோது கோதை மேடம் கேட்டுக்கொண்டார். முப்பது வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவருக்குச் சின்னப் பிசகு சேர்ந்து பெரிதாவதை விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம், அதற்கு மேல் மேஸ்திரி காத்திருக்க மாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ஜோதிலட்சுமி ஒரு முடிவுக்கு வந்தாள். மாற்றிய எல்லாவற்றையும் திருப்பி முதல் நாள் இருந்தபடி வைப்பது. இரண்டு நாள் அதற்கே சரியாகப் போனது. ஒயர்களையெல்லாம் கழற்றி, மோட்டார் ஒயரும் ஸ்விட்ச் ஒயரும் ஒன்றையொன்று தொடாமல் புதிதாக இழுத்துக் கட்டினாள். போர்டின் எண்களை அழித்து முதலில் இருந்ததைப் போட்டாள். பிறகு அளப்பதை விட்டுவிட்டு மெஷின் நகர்வதை மட்டும் பார்த்தாள். மோட்டாரின் தண்டு சுற்றுகிறது. அதை நீள ஸ்க்ரூவோடு சேர்க்கும் உருளை, கப்ளிங் என்பார்கள், அதுவும் சுற்றுகிறது. ஸ்க்ரூ சுற்றப் பலகை நகர்கிறது. மோட்டார் சரியாகச் சுற்றியும் பலகை குறைவாக நகர்ந்தால், நடுவில் எங்கோ நழுவுகிறது.

கம்பெனியில் போல்ட்டை முடுக்கிய பிறகு அதன் தலையிலிருந்து அது பிடித்திருக்கும் பாகம் வரை மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுப்பார்கள். போல்ட் இளகினால் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுக்கும். தினமும் நூறு கோடு பார்த்தவளுக்கு இது இத்தனை நாள் தோன்றவே இல்லை. மகள் விட்டுப்போன சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துவந்தாள். மோட்டார் தண்டிலிருந்து கப்ளிங் வரைக்கும் ஒரு கோடு. காய்ந்ததும் மெஷினை ஓடவிட்டாள்.

அரை மணி நேரம் கோடு அப்படியே இருந்தது. மோட்டார் சூடேறத் தொடங்கியது. ஒரு மணி நேரம் கழித்து நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். கோடு உடைந்து இரண்டு துண்டாக இருந்தது. இடையில் ஒரு நெல்லளவு தூரம்.

நம்பிக்கை வராமல் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள். மறுபடி உடைந்தது.

கப்ளிங்கைத் தண்டோடு பிடித்திருப்பவை இரண்டு குட்டித் திருகுகள். அவற்றை அவள் ஏற்கெனவே நான்கு தடவை சோதித்திருந்தாள். திருகுச் சாவியைப் போட்டு முடுக்கினால் அசையாது. இறுக்கம் என்று எழுதி டிக் அடித்து வைத்திருந்தாள். இப்போது ஐந்தாவது தடவையாகச் சாவியைப் போட்டாள். அசையவில்லை. இந்தத் தடவை முடுக்காமல் கழற்றினாள். ஒன்று வெளியே வந்தது; அதன் நுனி தண்டை அழுத்தியதில் தேய்ந்து பளபளத்தது. இன்னொன்றின் நுனி கடையில் வாங்கிய நாள் போலவே கறுப்பாக இருந்தது. அதன் மரைப்புரி கோணல். பாதி தூரம் போய் ஓட்டைக்குள்ளேயே சிக்கி நின்றுவிட்டது. இறுக்கமாகத்தான் இருந்தது, தண்டைத் தொடவே இல்லை. இத்தனை நாளும் ஒற்றைத் திருகுதான் பிடித்துக்கொண்டிருந்தது. காலைக் குளிரில் பிடித்தது. பகலெல்லாம் ஓடி மெஷின் சூடானதும் நழுவியது. சாயங்காலத்து நழுவலுக்கு அவள் எண்ணைக் கூட்ட, நழுவாத காலையில் அது மிஞ்சிப் போனது.

பத்து மணிக்கு வந்த ரஞ்சித்குமார், அவள் உள்ளங்கையில் எதையோ வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். கேட்டதற்குக் கையை நீட்டினாள். எள்ளை விடக் கொஞ்சம் பெரிசு.

"இதுவா?"

"இதான். டைட்டா கீதுன்னு நானே நாலு வாட்டி எழுதி வெச்சிருக்கேன்."

அவள் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. எதற்கு அழுவது என்றுதான் தெரியவில்லை. கண்டுபிடித்ததற்கா, நாலு தடவை கண்ணெதிரே வைத்துக்கொண்டு கண்டுபிடிக்காததற்கா. எத்தனையோ பேருடைய பொருளைச் சிவப்பு டப்பாவில் போட்டிருக்கிறாள். அவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஒரு நாள் முழுக்க முக்காலியில் உட்கார்ந்திருந்தார்களா என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தாள். ரஞ்சித்குமாருக்கு அதெல்லாம் எட்டவில்லை. புதுத் திருகு எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டு, நாஸ்தாகூடச் சாப்பிடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனான். ஒன்று கேட்டால் ஒரு பை நிறைய வாங்கி வந்தான்.

அடுத்த பத்து நாளில் ஆறு தடுப்பும் வெட்டி முடிந்தது. கடல் காற்றுக்கு மரம் ஊறிவிடும் என்பதால் தண்ணீர் ஏறாத செயற்கைப் பலகையில் வெட்டினாள். ஒவ்வொரு வட்டத்தையும் அளந்தாள். மோசமானது பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகியிருந்தது. அதையும் கொடுக்கலாமா என்று அரை நாள் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

தடுப்புகளைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் வழியாகத் தேவனேரிக்குப் போனார்கள். மழை விட்டிருந்த நாள். அறைகளுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு, அதற்கு அப்பால் கடல். மேஸ்திரி பாலசுப்ரமணியன் இரண்டு ஆட்களோடு தயாராக இருந்தார். முதல் தடுப்பு சட்டத்துக்குள் நழுவிப் போய் உட்கார்ந்தது. இரண்டாவது, மூன்றாவது, ஐந்து வரைக்கும் அப்படியே. ஆறாவது உள்ளே போகவில்லை. கீழ்ப்பக்கம் போகிறது, மேல்பக்கம் இடிக்கிறது.

ஜோதிலட்சுமி தடுப்பை வெளியே எடுக்கச் சொன்னாள். மறுபடி நழுவியிருக்கிறது, நாம் கவனிக்கவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. தடுப்பைக் கீழே வைத்து நாலு பக்கமும் அளந்தாள். சரியாக இருந்தது. குறுக்கு மூலை அளந்தாள். அதுவும் சரி. நம்ப முடியாமல் மறுபடி அளந்தாள். பிறகுதான் நிமிர்ந்து சுவரில் விட்ட இடத்தை அளந்தாள். கீழே இருந்ததைவிட மேலே ஒரு விரல் அகலம் குறைவு. தூண் உள்ளே சாய்ந்திருந்தது.

"அப்போ சுவர்தான் கோணலா?" என்றார் கோதை மேடம்.

மேஸ்திரி டேப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "அளவு எடுக்க வந்தப்போ மேல அளக்கலியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அளக்கவில்லை. மற்ற ஐந்து இடத்திலும் மேலும் கீழும் அளந்திருந்தாள். இந்த ஒன்றின் முன்னால் மட்டும் அன்றைக்குச் சிமென்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஏறி நிற்க இடமில்லாமல் கீழே மட்டும் அளந்து, ஐந்தும் சரியாக இருக்கும்போது இது மட்டும் எங்கே போய்விடும் என்று விட்டுவிட்டாள். தடுப்பில் குறை இல்லை. அளவில் குறை இருந்தது. சுவரிலும் இருந்தது. இதை யார் தலையில் எழுதுவது என்று அவளுக்கு விளங்கவில்லை. கம்பெனியில் இப்படி ஒன்று வந்திருந்தால் மூன்று சீட்டு எழுதியிருப்பாள்.

மேஸ்திரி யார் மேலும் எழுதவில்லை. உளியை எடுத்துக் காரையைக் கொத்தச் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் இடம் விட்டது. ஆறாவது தடுப்பும் உட்கார்ந்தது. வெயில் வந்தபோது வராந்தாத் தரையில் வட்டம் வட்டமாக வெளிச்சம் விழுந்தது. கோதை மேடம் அதன் மேல் இங்கும் அங்கும் நடந்து பார்த்தார். எல்லாருக்கும் டம்ளரில் காபி கொடுத்தார். மேஸ்திரிக்கு இரண்டாவது டம்ளரும்.

திரும்பி வந்த வாரம் ஜோதிலட்சுமி செய்த ஒரு காரியத்தை ரஞ்சித்குமார் இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். மெஷின் பாதியில் நின்றது எர்த் இல்லாததால் என்று ஞானதாஸ் சொன்னானே, அது நிஜம்தானா என்று அவளுக்கு ஒரு அரிப்பு. ஒயரையெல்லாம் மாற்றிக் கட்டியதும் எர்த் போட்டதற்கு அடுத்த வாரம்தான். எதனால் சரியானது? நன்றாக ஓடும் மெஷினைத் தொடாதே என்று அவன் கெஞ்சக் கெஞ்ச, எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிப் போர் மோட்டாரையும் ஓடவிட்டு, மூன்று மணி நேரம் மெஷினை ஓட்டிப் பார்த்தாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அப்படியானால் எர்த் இல்லை, ஒயர்தான். ஆனால் ஒயரை மாற்றுவதற்கு முன்பே, எர்த் போட்ட அன்றைக்கே நிற்பது நின்றுவிட்டதே? ஞானதாஸிடம் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். மழை பெய்து தரை நனைந்ததால் இருக்கலாம் என்றான். அவனுக்கும் நிச்சயமில்லை. எர்த் இல்லாத வீட்டில் இருப்பது எப்படியும் ஆபத்து என்று சொல்லி, கம்பியைத் திரும்ப மாட்டி, இனிமேல் கழற்றாதீர்கள் அக்கா என்று கேட்டுக்கொண்டு போனான்.

இப்போது திருக்கழுக்குன்றத்திலும் செங்கல்பட்டிலும் நாலைந்து தச்சர்கள் அவளுக்கு வேலை அனுப்புகிறார்கள். பூஜை அறைக் கதவு, சமையலறை அலமாரி, வீட்டுப் பெயர்ப் பலகை. ஊரப்பாக்கத்தில் ஒரு முழு வீட்டுக்கும் ஜன்னல் தடுப்பு செய்து கொடுத்தாள். மற்றவர்கள் மெஷினை ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள், தூங்கப் போகிறார்கள், நீ மட்டும் ஏன் காவல் இருக்கிறாய் என்று ரஞ்சித்குமார் கேட்பான். அவளோ தட்டில் சாதத்தைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போய், மரத்தூள் படாத மூலையில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கத்தி போகும் வழியையே பார்த்தபடி சாப்பிடுகிறாள்.